மைதானத்துக்காக ஒரு கட்சி

கட்சி ஆரம்பிக்கறது நம்மூருக்கு ஒண்ணும் புதுசில்லை. ஜாதிக்கு ஒண்ணு, நடிகருக்கு ஒண்ணு, தலைவர் முகம் கொடுத்துப் பேசலைங்கற கோபத்துக்கு ஒண்ணுன்னு பார்த்துப் பழகின கண்ணு நம்மளோடது. ஆனா பூட்டிக் கிடக்கிற ஒரு கால்பந்து மைதானத்தைத் திறந்து விடுங்கய்யான்னு ஒரே ஒரு கோரிக்கையை வச்சு, அதுக்காகவே கட்சி கட்டி, 60 வேட்பாளர்களை நிறுத்தி, ஆளுங்கட்சி வயித்துல புளியைக் கரைச்சவங்க லண்டன்காரங்க. வருஷம் 1990. கட்சிப் பேரு 'வேலி பார்ட்டி'. (முள்வேலி இல்லை சாமி, பள்ளத்தாக்குக்கு ஆங்கிலத்துல சொல்றது. அந்த மைதானத்துப் பேரே அதுதான்.)

இப்ப எதுக்கு இந்தப் பழைய கதைன்னு கேக்கறீங்களா? 2025 ஜூலை 21-ஆம் தேதி இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் அரச ஒப்புதல் வாங்கிச் சட்டமாச்சு. மேலேயிருந்து ஐந்து அடுக்கு லீக்குகளில் இருக்கிற 116 கிளப்புகளுக்கும் உரிமம் கொடுக்க, வரவு செலவைக் கேட்க, வாங்க வர்ற முதலாளி யோக்கியனான்னு விசாரிக்கத் தனியா ஓர் ஆணையம். நம்மூர்ல தொலைபேசிக்கு டிராய், பங்குச்சந்தைக்கு செபி இருக்கற மாதிரி அங்கே பந்துக்கு ஒண்ணு. செய்திகள்ல வந்ததெல்லாம் அமைச்சர்கள் பேரும் பிரதமர் பேரும்தான். அதுக்குப் பின்னாடி நாற்பது வருஷ ரசிகர் அரசியல் இருக்கு. அதை வேலி பார்ட்டிக்காரங்களை விட்டுட்டுச் சொன்னா பாவம்.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. ரசிகனுக்கு எதுக்கு அரசியல்வாதி தயவு? பிடிக்கலைன்னா டிக்கெட் வாங்காம இருந்துட்டுப் போக வேண்டியதுதானே? ஒரு ஓட்டல்ல சாம்பார் சரியில்லைன்னா எதிர் ஓட்டலுக்குப் போறோம் இல்லையா?

அங்கதான் சிக்கலே. கால்பந்து ரசிகன் எதிர் ஓட்டலுக்குப் போக மாட்டான். தாத்தா போன கிளப், அப்பா தோள்ல உக்காந்து பார்த்த கிளப். டீம் கேவலமா ஆடினாலும், முதலாளி கேவலமான ஆளா இருந்தாலும், அடுத்த சனிக்கிழமை அதே இடத்துல போய் நிப்பான். இது முதலாளிக்கும் நல்லாத் தெரியும். ஆக, காசை நிறுத்திடுவேன்னு மிரட்டற வழி அடைபட்டுப் போச்சு. கிளப்புல பங்கு கிடையாது. இங்கிலாந்துக் கால்பந்தை 1863-லேர்ந்து நடத்திட்டு வர்ற எஃப்.ஏ. என்கிற சங்கத்துல ஓட்டு கிடையாது. மிச்சம் இருக்கிறது நாட்டுக் குடிமகன்ங்கற முறையில கையில இருக்கிற ஒரே ஒரு ஓட்டு.

எஃப்.ஏ. காப்பாத்தாதான்னு கேக்கலாம். ஒரு காலத்துல காப்பாத்தினது. 34-ஆம் விதின்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. கிளப் இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது, பங்குதாரருக்குக் கொடுக்கிற லாபத்துக்கு உச்சவரம்பு உண்டுன்னு. கிளப்பை வச்சுக் கொழிக்காதே, ஊருக்குச் சேவையா நடத்துங்கறதுதான் அதோட சாரம். 1983-ல் டாட்டன்ஹாம் கிளப் பங்குச்சந்தைக்கு வந்தப்போ என்ன பண்ணாங்க தெரியுமா? கிளப்புக்கு மேல ஒரு தாய் கம்பெனியைப் பதிவு பண்ணாங்க. விதி கிளப்புக்குத்தானே, தாய் கம்பெனிக்கு இல்லையே! எஃப்.ஏ. பார்த்துக்கிட்டே சும்மா இருந்தது. அப்புறம் மத்தவங்க சும்மா இருப்பாங்களா? வரிசை கட்டி வந்தாங்க.

1985. இங்கிலீஷ் கால்பந்துக்கு அதைவிட மோசமான வருஷம் குறைவு. மே 11-ல் பிராட்ஃபோர்ட் மைதானத்தின் பழைய மரக் கேலரி தீப்பிடிச்சு 56 பேர் செத்தாங்க. அதே மாசம் 29-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்துல லிவர்பூல் ரசிகர்கள் பாய்ஞ்சதுல சுவர் இடிஞ்சு 39 பேர் செத்தாங்க, பெரும்பாலானவங்க இத்தாலிக்காரங்க. இங்கிலீஷ் கிளப்புகளை ஐரோப்பாவுக்குள்ளேயே வராதேன்னு தள்ளி வச்சாங்க. தாட்சர் அம்மையார் அரசாங்கத்தைப் பொறுத்தவரைக்கும் கால்பந்து ரசிகன்னா சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, அவ்வளவுதான். அந்த வருஷமே லிவர்பூல்ல ரோகன் டெய்லர், பீட்டர் காரெட்னு ரெண்டு பேர் சேர்ந்து கால்பந்து ரசிகர் சங்கம் ஒண்ணைத் தொடங்கினாங்க. தப்பு செஞ்சவன் பத்துப் பேர், அடி வாங்கறது பத்து லட்சம் பேர், எங்க தரப்பையும் யாராவது கேளுங்கன்னு.

கேட்டாங்களா? எங்க கேட்டாங்க. மேட்ச் பார்க்கணும்னா எல்லாரும் அடையாள அட்டை எடுக்கணும்னு அரசாங்கம் கிளம்பிடுச்சு. லூட்டன் டவுன்னு ஒரு கிளப், அதோட சேர்மன் ஆளுங்கட்சிக்காரர். 1986-லேர்ந்து வெளியூர் ரசிகர் ஒருத்தரைக்கூட உள்ளே விடாம, அட்டை உள்ள உறுப்பினருக்கு மட்டும்னு நடத்திக் காட்டினார். இதை நாடு முழுக்க ஆக்கறதுக்குத்தான் 1989-ல் ஒரு சட்டமே வந்தது. ரசிகனும் அரசியலும் முதல் முதலா நேருக்கு நேர் உக்காந்தது இந்தச் சண்டையிலதான். சங்கத்துக்காரங்க கையெழுத்து வேட்டை நடத்தினாங்க, தொகுதி எம்.பி.க்களுக்குக் கடிதமா எழுதித் தள்ளினாங்க.

அந்த மசோதா பாராளுமன்றத்துல இருக்கும்போதுதான் 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ மைதானம். கூண்டு மாதிரி கம்பித் தடுப்பு போட்ட பகுதிக்குள்ளே அளவுக்கு மீறி ஆளுங்களை போலீஸ் அனுப்பி, நெரிசல்ல 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்து போனாங்க. குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணாங்கன்னு போலீஸும் சில பத்திரிகைகளும் பழியைச் செத்தவங்க மேலேயே போட்டது. இதைப் பத்தித் தனியாத்தான் எழுதணும், இங்க ரெண்டு வரியில முடிக்கற விஷயம் இல்லை. நம்ம கதைக்கு வேண்டியது இது. விசாரிச்ச நீதிபதி டெய்லர், 1990 ஜனவரி 29-ல் வந்த கடைசி அறிக்கையில, அடையாள அட்டைத் திட்டம் ஆபத்தைக் கூட்டத்தான் செய்யும்னு எழுதினார். அரசாங்கம் அந்தப் பகுதியைக் கைவிட்டது.

இப்ப வேலி பார்ட்டி.

தென்கிழக்கு லண்டன்ல கிரீனிச் பரோ. (வுல்விச், பிளம்ஸ்டெட் பக்கம் இருக்கிற நம்ம ஈழத்து ஜனங்களுக்கு இந்த இடமெல்லாம் அத்துப்படி.) அங்கே சார்ல்டன் அத்லெட்டிக், 1905-ல் தொடங்கின கிளப். 1919-ல் ஒரு பழைய சுண்ணாம்புக் குழியை உள்ளூர் ஜனங்களே மண்வெட்டியோட வந்து வெட்டிச் சீராக்கித்தான் அந்த மைதானம் உருவாச்சு. சும்மா இல்லை, 1938-ல் ஆஸ்டன் வில்லாவோட நடந்த ஒரு எஃப்.ஏ. கோப்பை மேட்சுக்கு 75,031 பேர் வந்த இடம். 1947-ல் அந்தக் கோப்பையையே ஜெயிச்ச கிளப்.

1984-ல் கிளப் திவாலாகி, புது ஆளுங்க கைக்குப் போச்சு. ஆனா மைதானம் மட்டும் பழைய முதலாளி கையிலேயே தங்கிடுச்சு. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்ற வீட்டுக்காரர் கதைதான் அடுத்து. பிராட்ஃபோர்ட் தீக்கு அப்புறம் பாதுகாப்பு விதிகள் இறுகினதுல பெரிய கிழக்கு கேலரியை மூடச் சொன்னாங்க. பழைய முதலாளி ஒரு பக்கத்து நிலத்தைத் திருப்பிக் கேட்டார். 1985 செப்டம்பர் 7-ஆம் தேதி மேட்ச் பார்க்க வந்த ரசிகர்கள் கையில ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணிச்சாங்க. இனிமே நாம இங்க ஆடப் போறதில்லை, கிரிஸ்டல் பேலஸ் கிளப்போட மைதானத்துல வாடகைக்கு ஆடப் போறோம்னு அதுல இருந்தது. 66 வருஷ வீட்டைக் காலி பண்றதுக்கு ரெண்டு வாரம் நோட்டீஸ்! செப்டம்பர் 21-ல் ஸ்டோக் சிட்டியோட கடைசி மேட்ச் ஆடிட்டுப் பூட்டினாங்க.

வேடிக்கை என்னன்னா அந்த சீசன் முடிவில சார்ல்டன் முதல் டிவிஷனுக்கே ஏறிடுச்சு. டீம் மேல போகுது, ரசிகன் வரலை. லண்டன்ல ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரத்துக்கு, அதுவும் எதிரி கிளப் மைதானத்துக்கு, பஸ் மாறி ரயில் மாறி எத்தனை பேர் போவாங்க? 1988-ல் ரசிகர்களே ஒரு சின்னப் பத்திரிகை கொண்டு வந்தாங்க, மைதானத்தின் குரல்ங்கற அர்த்தத்துல பேரு வச்சு. நம்ம சிற்றிதழ் மாதிரிதான், ஆனா கவிதைக்குப் பதிலா கட்டட அனுமதி பத்திப் பேசும் :-) புதுசா வந்த நிர்வாகம் ரசிகர் நெருக்கல்ல மைதானத்தைத் திரும்ப வாங்கிச்சு. 1989 வசந்தத்துல நூத்துக்கணக்கான ரசிகர்கள் கையுறையும் அரிவாளும் எடுத்துட்டு வந்து, நாலு வருஷமா ஆளுயரம் வளர்ந்திருந்த புதரை வெட்டிக் குவிச்சுக் கொளுத்தினாங்க. 1919-ல் தாத்தாக்கள் வெட்டின குழியை 1989-ல் பேரன்கள் சுத்தம் பண்றாங்க.

எல்லாம் சரி, பரோ கவுன்சில் அனுமதி வேணுமே. புது மைதானத்துக்குச் செலவு ஈடு கட்ட அலுவலகக் கட்டடம் எல்லாம் சேர்த்து ஒரு வரைபடம் கொடுத்திருந்தாங்க. சுத்தியிருக்கிற தெருக்காரங்க சிலபேர் கூட்டம் சத்தம்னு ஆட்சேபிச்சாங்க. 1990 ஜனவரி 31, அதாவது டெய்லர் அறிக்கை வந்த ரெண்டாம் நாள், கவுன்சிலோட திட்டக் குழு 10-க்கு 2 ஓட்டுல விண்ணப்பத்தை நிராகரிச்சது. அந்த இடத்துலதான் ரசிகர்கள் கெஞ்சறதை நிறுத்தினாங்க. மே 3-ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல். மூணே மாசம்.

கவுன்சில்ல மொத்தம் 62 இடம். வேலி பார்ட்டி நிறுத்தினது 60 பேர். அந்த மிச்ச ரெண்டு? திட்டக் குழுவுல ரசிகர்களுக்கு ஆதரவா கை தூக்கின ரெண்டு பேர் இருந்தாங்களே, அவங்களுக்கு எதிரா ஆள் போடலை. நன்றின்னா இப்படி இருக்கணும். வேட்பாளர்கள் யாரும் அரசியல்வாதிகள் இல்லை, சனிக்கிழமை கேலரியில பக்கத்துல நிக்கற ஆளுங்க. விளம்பரத் தொழில்ல இருந்த ஒரு ரசிகர் போஸ்டர்களைப் பார்த்துக்கிட்டார். பரோ முழுக்கப் பெரிய பெரிய போஸ்டர். பழைய கூட்டத்தோட கறுப்பு வெள்ளைப் படம், கீழே ஒரு வரி. அந்த விளம்பரங்கள் பின்னால தொழில் வட்டாரத்துல விருதே வாங்கினது.

எதிர்க்கட்சி ஓட்டைப் பிரிக்கறான்னு ஆளுங்கட்சிக்காரங்க சொல்லியிருப்பாங்கன்னு நீங்க ஊகிச்சா அது சரியாத்தான் இருக்கும். அந்த ஊர்ல கவுன்சில் லேபர் கட்சியோட கோட்டை. முடிவு வந்தப்போ வேலி பார்ட்டிக்கு ஒரு இடம்கூட இல்லை. லேபரே திரும்ப ஜெயிச்சது. ஆனா வேலி பார்ட்டி வாங்கின ஓட்டு 14,838, கிட்டத்தட்ட 11 சதவீதம். மூணு மாசக் குழந்தைக்கு, அதுவும் சாலை, தண்ணி, வரி எதைப் பத்தியும் கொள்கையே இல்லாத கட்சிக்கு! விண்ணப்பத்தை நிராகரிச்ச திட்டக் குழுவோட தலைவர் தன் வார்டிலேயே தோத்துப் போனார். அடுத்த வருஷம், 1991 ஏப்ரல் மாசம், அதே கவுன்சில் அனுமதி கொடுத்தது.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, அவங்க ஆட்சியைப் பிடிக்க நிக்கலை. இத்தனை ஓட்டு உன் கையை விட்டுப் போகும்னு எண்ணிக் காட்டத்தான் நின்னாங்க. மனு கொடுக்கறவனை உக்கார வச்சு டீ கொடுத்து அனுப்பிடலாம். 14,838 ஓட்டுக்கு டீ கொடுக்க முடியாதே.

பணம் போதலை. ரசிகர்களே முதலீட்டுத் திட்டம் ஒண்ணுல பத்து லட்சம் பவுண்டுக்கு மேல போட்டாங்க. அதுக்குக் கைமாறா இயக்குநர் குழுவுல ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கற ஒரு ஆளுக்கு இடம் கிடைச்சது. 1992 டிசம்பர் 5, போர்ட்ஸ்மத்தோட மேட்ச். ஏழு வருஷத்துக்கு அப்புறம் சொந்த வீடு. 8,337 பேர் வந்தாங்க, அவ்வளவுதான் இடம் இருந்தது. ஏழாவது நிமிஷத்துல காலின் வால்ஷ் ஒரு கோல். 1-0. அந்த ஊர்ப் பெரியவங்க கிட்ட இந்த கோலைப் பத்திக் கேட்டுப் பாருங்க, நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க.

சார்ல்டன்ல எதிரி பக்கத்துத் தெரு கவுன்சில். அதனால வேலை நடந்தது. கவுன்சிலருக்கு நூறு ஓட்டு முக்கியம். அதே தந்திரம் நாடு முழுக்கச் செல்லுமா? 1992-ல் பிரீமியர் லீக் வந்து டி.வி. பணம் கொட்ட ஆரம்பிச்சப்புறம் எதிரி ரொம்ப உயரத்துக்குப் போயிட்டான்.

1997-ல் லேபர் ஆட்சிக்கு வந்ததும் கால்பந்துப் பணிக்குழுன்னு ஒண்ணை அமைச்சாங்க. தலைவர் டேவிட் மெல்லர், முன்னாள் கன்சர்வேட்டிவ் அமைச்சர், செல்சி ரசிகர். ரசிகர் சங்கத்துக்காரங்களும் உள்ளே, எஃப்.ஏ.வும் லீக்குகளும் உள்ளே. 1999 டிசம்பர்ல கடைசி அறிக்கை வரும்போது ஒண்ணுக்கு ரெண்டா வந்தது. ரசிகர்கள் பக்கம் இருந்த பெரும்பான்மை, கால்பந்துக்கு வெளியிலேர்ந்து ஒரு சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பு வேணும்னு எழுதினாங்க. லீக்குகளும் எஃப்.ஏ.வும் தனியா ஒரு அறிக்கை எழுதி, எங்களை நாங்களே பார்த்துக்கறோம்னாங்க. அரசாங்கம் யார் பக்கம் சாய்ஞ்சிருக்கும்? கேக்கணுமா. 2025-ல் வந்த சட்டத்தோட முதுகெலும்பு 1999-லேயே தாள்ல இருந்தது. 26 வருஷம் ஃபைல் தூங்கினது.

ஒண்ணுமே நடக்கலைன்னும் சொல்ல முடியாது. ரசிகர்கள் கூட்டுறவு மாதிரி அறக்கட்டளை வச்சுக் கிளப்பில பங்கு வாங்க உதவறதுக்கு 2000-ல் அரசாங்க ஆதரவோட சப்போர்ட்டர்ஸ் டைரக்ட்னு ஒரு அமைப்பு வந்தது. இதுக்கு முன்னோடி நார்த்தாம்டன் டவுன். அங்கே 1992-லேயே பிரையன் லோமாக்ஸ் தலைமையில முதல் ரசிகர் அறக்கட்டளை ஆரம்பிச்சிருந்தாங்க. எக்ஸிட்டர் சிட்டி மாதிரி கிளப்புகளை ரசிகர் அறக்கட்டளையே கையில எடுத்துக் கரை சேர்த்தது.

ஆனா பல் இல்லாத ஏற்பாடு எதுவரை போகும்ங்கறதுக்கு 2002 மே 28 சாட்சி. விம்பிள்டன் கிளப்பை லண்டன்லேர்ந்து சுமார் ஐம்பது மைல் தள்ளியிருக்கிற மில்டன் கீன்ஸ் நகரத்துக்குத் தூக்கிட்டுப் போகலாம்னு எஃப்.ஏ. அமைச்ச மூணு பேர் குழு 2-க்கு 1-ன்னு தீர்ப்புச் சொல்லிச்சு. திருவாரூர்த் தேரை இழுத்துட்டுப் போய் ஓசூர்ல நிறுத்தி இனிமே இங்கதான் ஓடும்னு சொன்னா எப்படி இருக்கும்? புதுசா ஒரு கிளப் தொடங்கறது கால்பந்தோட பரந்த நலனுக்கு உகந்ததில்லைன்னு வேற அந்தத் தீர்ப்புல இருந்தது. ரசிகர்கள் சில வாரத்துலேயே பொதுப் பூங்காவுல ஆள் தேர்வு நடத்தி ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினாங்க. ஒன்பதாவது அடுக்குலேர்ந்து ஏறி 2011-ல் ஃபுட்பால் லீக்குக்குள்ள வந்து, 2020-ல் பழைய பிளவ் லேன் தெருவிலேயே மைதானம் கட்டிக் குடியேறினாங்க. தீர்ப்பு எழுதினவங்க அதைப் படிச்சாங்களான்னு தெரிஞ்சுக்க ஆசை.

பிரைட்டன் கதையில வேற ருசி. அவங்க மைதானத்தை நிர்வாகமே விற்று, 1997-ல் அங்கே கடை வளாகம் வந்துடுச்சு. ரெண்டு வருஷம் கில்லிங்ஹாம் வரைக்கும் போய்ச் 'சொந்த மண்ணு' மேட்ச் ஆடினாங்க, அப்புறம் ஓட்டப்பந்தயத் திடல் ஒண்ணுல பன்னிரண்டு வருஷம். ஃபால்மர்ல புது இடத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியது துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட். மனு கொடுத்தாங்க, ஊர்வலம் போனாங்க, காதலர் தினத்துக்கு அவருக்கு வாழ்த்தும் பூவும் அனுப்பினாங்க. (அந்த மனுஷன் முகத்தைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இதோட அருமை புரியும் :-)) ஒரு பாட்டையே வெளியிட்டு 2005 ஜனவரியில தேசியப் பட்டியல்ல 17-ஆவது இடத்துக்குக் கொண்டு போனாங்க. அனுமதி கிடைச்சது, நீதிமன்றத்துல ரத்தாச்சு, 2007-ல் மறுபடி கிடைச்சது. 2011-ல்தான் மைதானம் திறந்தது.

நடுவுல ஆண்டி பர்ன்ஹாம்னு ஒருத்தர் வந்து வந்து போவார். எவர்ட்டன் ரசிகர். 1997 பணிக்குழுவுல நிர்வாக வேலை பார்த்த இளைஞர், பின்னாடி சப்போர்ட்டர்ஸ் டைரக்ட் தலைவர், அப்புறம் அமைச்சர். 2009 ஏப்ரல் 15-ல் ஹில்ஸ்பரோ இருபதாம் நினைவு நாளுக்கு ஆன்ஃபீல்ட்ல பேச எழுந்தப்போ, மைதானமே நீதி வேணும்னு கத்தி அவரை நிறுத்தினது. அந்தக் கத்தலுக்கு அப்புறம்தான் சுதந்திரமான குழு அமைஞ்சு, 2012-ல் போலீஸ் ஆவணங்கள் வெளிவந்து, 2016-ல் சட்டவிரோதமாக் கொல்லப்பட்டவங்கன்னு நடுவர்கள் முடிவு சொன்னாங்க. 27 வருஷம். ரசிகர்கள் சார்பா அரசியல் செஞ்ச எல்லாரையும்விட அந்தக் குடும்பங்கள் சாதிச்சது பெருசு.

2019 ஆகஸ்ட் 27. பரி எஃப்.சி., 1885-ல் பிறந்த கிளப், ரெண்டு தடவை எஃப்.ஏ. கோப்பை ஜெயிச்சது, லீக்கை விட்டே நீக்கப்பட்டது. அதுக்கு எட்டு மாசம் முன்னாடி ஒருத்தர் கிளப்பை வாங்கின விலை ஒரு பவுண்டு. ஒரே ஒரு பவுண்டு. ஒரு டீ குடிக்க முடியாது அதுல. வாங்க வர்றவர்கிட்ட கடன் அடைக்கக் காசு இருக்கான்னு முன்கூட்டியே காட்டச் சொல்லக்கூட லீக்குக்குத் துப்பில்லை. அந்த டிசம்பர்ல பொதுத் தேர்தல். கன்சர்வேட்டிவ் தேர்தல் அறிக்கையில ரசிகர்கள் முன்னின்று நடத்தும் ஆய்வுன்னு ஒரு வாக்குறுதி ஏறிச்சு. பரி வடக்குத் தொகுதியில அந்தக் கட்சி ஜெயிச்ச வித்தியாசம் 105 ஓட்டு. 105 ஓட்டுத் தொகுதியில மூடிக் கிடக்கிற மைதானத்தைப் பத்தி எந்தக் கட்சிக்காரனும் மறக்க மாட்டான்.

ஆனாலும் வாக்குறுதி அலமாரியிலேயேதான் இருந்தது. அதை இறக்கி வச்சது பணக்காரங்களோட பேராசை. 2021 ஏப்ரல் 18 ராத்திரி ஐரோப்பாவின் 12 கிளப்புகள் சூப்பர் லீக்னு தனிக்கடை அறிவிச்சாங்க. அதுல ஆறு இங்கிலாந்துக் கிளப்புகள். மறுநாளே அமைச்சர் ஆய்வை அறிவிச்சார், அதுக்கு மறுநாள் பிரதமர் ரசிகர் பிரதிநிதிகளோட பேசினார். செல்சி ரசிகர்கள் தன் கிளப்போட பஸ்ஸையே மறிச்சு ரோட்டுல உக்காந்தாங்க. 20-ஆம் தேதி இரவுக்குள்ள ஆறு கிளப்பும் வாபஸ். 1999-லேர்ந்து எழுதி எழுதிக் கையொடிஞ்ச மனுவெல்லாம் செய்யாததை முதலாளிகள் ரெண்டு நாள்ல செஞ்சு கொடுத்துட்டாங்க.

டிரேசி கிரவுச் அம்மையார் தலைமையில ஆய்வு நடந்து 2021 நவம்பர்ல 47 பரிந்துரை. 2024-ல் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் மசோதா கொண்டு வந்தது, தேர்தல் வந்ததால காலாவதியாச்சு. லேபர் ஜெயிச்சு அதையே திருத்திக் கொண்டு வந்தது. பிரபுக்கள் சபையில நூத்துக்கணக்கான திருத்தங்கள். தாங்களே பெத்த பிள்ளையை எதிர்த்துக் கன்சர்வேட்டிவ்காரங்க 2025-ல் ஓட்டுப் போட்டாங்க. அரசியல்ல இதெல்லாம் சகஜமப்பா.

சட்டத்துல நல்ல விஷயங்கள் இருக்கு. மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஊரை மாத்தவோ ஆணையத்தோட அனுமதி வேணும். தனிக்கடை லீக்குல சேரக் கூடாது. சின்னத்தையும் சட்டை நிறத்தையும் ரசிகர்களைக் கேக்காம மாத்தக் கூடாது. 2012-ல் கார்டிஃப் முதலாளி, நூத்துச் சொச்சம் வருஷமா நீலச் சட்டை போட்ட டீமுக்குச் சிவப்பை மாட்டிவிட்டு, 2015-ல் ரசிகர் கோபம் தாங்காம திரும்ப நீலத்துக்கு வந்த கூத்து ஞாபகம் இருக்கலாம்.

உறுத்தறதும் இருக்கு. ஆணையத் தலைவரா நியமிக்கப்பட்டவர் ஆளுங்கட்சிக்கு நன்கொடை கொடுத்தவர். நியமிச்ச அமைச்சரோட கட்சித் தலைமைத் தேர்தல் செலவுக்கும் கொடுத்திருந்தார். அதை உரிய நேரத்துல சொல்லாதது விதிமீறல்னு நியமனங்களைக் கண்காணிக்கிற ஆணையர் 2025 நவம்பர்ல எழுதினார், அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். அரசியல்வாதியைக் கூப்பிட்டா அவர் கட்சிக்காரங்களும் கூட வருவாங்கதான். அரசாங்கம் தலையிட்டா நாட்டையே விலக்கி வச்சுடுவோம்னு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமும் 2024-ல் கடிதம் போட்டது. வெத்து மிரட்டல்னு ஒதுக்க முடியாது, நமக்கே அனுபவம் உண்டு. 2022 ஆகஸ்ட்ல நீதிமன்றம் அமைச்ச குழு நிர்வாகத்துல இருந்ததுக்காக ஃபிஃபா இந்தியாவைப் பதினோரு நாள் தள்ளி வச்சது. 2023-ல் இலங்கையும் மாசக்கணக்குல வெளியே நின்னது. இங்கிலாந்து மசோதாவுலேயும் முதலாளிகளைச் சோதிக்கும்போது வெளியுறவுக் கொள்கையைப் பார்க்கணும்ங்கற ஒரு வரியை எடுத்துட்டாங்க.

இத்தனையும் இருந்தும் ரசிகர்கள் இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கினது சரின்னுதான் நான் சொல்லுவேன். கட்சிக்காரரை அடுத்த தேர்தல்ல மாத்தலாம். கிளப் முதலாளியை மாத்தறதுக்குத் தேர்தலே கிடையாது.

கொசுறு: சார்ல்டன் கதை 1992-ல் முடியலை. 2014-ல் பெல்ஜியம்காரர் ஒருத்தர் கிளப்பை வாங்கினார். ரசிகர்களுக்கும் அவருக்கும் ஆகலை. 2016 அக்டோபர்ல கவென்ட்ரியோட நடந்த மேட்ச்ல ரெண்டு கிளப் ரசிகர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் பன்றிப் பொம்மைகளைப் புல்லு மேல வீசி ஆட்டத்தை நிறுத்தினாங்க. 2020 ஜனவரியில அவர் கிளப்பை விற்றார். மைதானத்தை விற்கலை. தன் பேருலேயே வச்சுக்கிட்டு, கிளப்புக்கு வாடகைக்கு விட்டார். 1984-ல் ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அதே ஏற்பாடு. இனிமே ஒரு முதலாளி கிளப்பையும் மைதானத்தையும் இப்படிப் பிரிச்சு விற்கப் பார்த்தா ஆணையம் தடுக்கலாம். சார்ல்டன்ல பிரிச்சது சட்டம் வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி.